சரிபார்த்த குமிழிகள்

பிரேக் மாஸ்டருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை அவர் மனைவியே பாதி மறந்துவிட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர் வேடிக்கை பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. ஆபத்து என்று பட்டால் தானாக அழுத்தும். சினிமா தியேட்டரில் அழுத்தும். மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தால் அழுத்தும். ஈரலில் புற்றுக்கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று அழுத்திய அழுத்தில் டாக்டரின் மேஜையே ஒரு சாண் நகர்ந்தது. கட்டி மட்டும் நகரவில்லை.

அது இருந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது என்றார்கள். மாத்திரைகளும் கைவிரித்துவிட்டன. கடைசியில் உயர் ஆராய்ச்சி மருத்துவ நிறுவனத்துக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே உச்சி மாடியில் புதிதாக ஒரு பிரிவு இருந்தது. அதை நடத்திய இளம்பெண்ணைக் குமிழி டாக்டர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மாஸ்டரையும் மனைவியையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"இந்த மருந்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குமிழிங்க இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு மரபணுவைச் சுமந்துட்டுப் போகும். ஊசியில ஏத்தினா ரத்தத்தோட ஓடும். நான் உங்க கட்டிக்கு நேரா ஸ்கேன் கருவியை வச்சு ஒலி அலையைக் கூட்டுவேன். காதுக்குக் கேக்காது. அங்க வர்ற குமிழிங்க மட்டும் பட்டுனு உடையும். உடையற வேகத்துல மரபணு கட்டிக்குள்ள போயிடும். போய், வளர்ந்தது போதும்னு அதுகிட்ட சொல்லும்."

"சொன்னாக் கேக்குமா?" என்றாள் மனைவி. வீட்டில் அவளுக்கு அந்த அனுபவம் இல்லை.

"எலிக்குக் கேட்டிருக்கும்மா. மனுஷனுக்கும் கேக்கும்னு நம்பறோம்."

மாஸ்டர் தலையாட்டினார். "புரியுது. பஸ் மாதிரி. சரியான ஸ்டாப்புல ஆளை இறக்கிவிடணும்."

"அதேதான் சார். ஆனா ஒண்ணு, மருந்தைக் கலக்கின கொஞ்ச நேரத்துக்குத்தான் குமிழி உயிரோட இருக்கும். சோடா மாதிரி. உடனே ஏத்திடணும்."

இவ்வளவு தெளிவாக ஒரு டாக்டர் பேசி மாஸ்டர் கேட்டதில்லை. இனிப் பயமில்லை என்று நினைத்தார். நிறுவனம் என்று ஒன்று இருப்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஊசிக்குப் போனபோது சிகிச்சை அறை கல்யாண மண்டபம்போல இருந்தது. வரிசையாக மெத்தை நாற்காலிகள், மைக், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. நோயாளிக்கான கட்டில் மூலையில், உடைந்த மின்விசிறிக்குப் பக்கத்தில் கிடந்தது. நாற்காலிகளில் குமிழிச் சரிபார்ப்புக் குழுவினர் அமர்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் ஏதோ ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர்கள். குமிழி உண்மையிலேயே உடைகிறதா என்று நேரில் கண்ட பிறகுதான் அதை நோயாளிக்கு ஏற்றலாம் என்பது விதி. விதியை எழுதியதும் அவர்களே.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நோயாளியின் உடலுக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒரு வெற்றி நடந்தால் அதனால் நிறுவனத்துக்கு என்ன பயன்? ஆகவே வெற்றியை முதலில் வெளியே நடத்திக் காட்டுகிறோம். உள்ளே நடக்க வேண்டியது பிறகு தானாக நடக்கும்."

பலத்த கைதட்டல். மூலையில் படுத்திருந்த மாஸ்டரும் மரியாதைக்குத் தட்டினார். ஒரு கையில் ஊசிக் குழாய் ஏற்கெனவே செருகியிருந்ததால் தொடையில் தட்டினார்.

குமிழி டாக்டர் மருந்தைக் கலக்கி ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றினாள். திரையில் வெள்ளை வெளேரென்று மினுமினுத்தது. ஒலி அலையைக் கூட்டினாள். மினுமினுப்பெல்லாம் சடசடவென்று அணைந்து திரை கறுத்தது. சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பிறகு உறுப்பினர்கள் மூப்பு வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து "கண்டேன்" என்று சொல்ல வேண்டும். குழுத் தலைவர் சொன்னார். அடுத்தவர் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்தவரை இடித்து எழுப்பினார்கள். அவரும் கண்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை என்று ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

எல்லாம் முடிந்து குழு டீ குடிக்கப் போனது. தொட்டியில் மிஞ்சிய தண்ணீர் மாதிரியான எதையோ உறிஞ்சியெடுத்து மாஸ்டரின் கையில் ஏற்றினார்கள். குமிழி டாக்டர் அவர் வயிற்றின் மேல் கருவியை வைத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. நகர்த்திப் பார்த்தாள். அப்போதும் கறுப்புதான்.

"என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே?" என்றாள் மனைவி.

"எல்லாம் அந்தத் தொட்டியிலயே உடைஞ்சு போச்சும்மா."

"அடப்பாவிகளா! டிப்போலயே எல்லாரையும் இறக்கிவிட்டுட்டுக் காலி பஸ்ஸை அனுப்புறீங்களா?"

"நான் முதல்லயே சொல்லிட்டேன். என் கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டாங்க."

மனைவி விடவில்லை. டீக்கடை... இல்லை, அந்த நிறுவனத்தில் அதற்குச் சிற்றுண்டி அரங்கம் என்று பெயர். நேரே அங்கே போய்க் குழுத் தலைவர் முன்னால் நின்றாள். பாதி மருந்தைக் காட்டுவதற்கு வைத்துக்கொண்டு மீதியைப் புருஷனுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "நாங்க பார்த்த குமிழி ஒண்ணு, உள்ளே போற குமிழி வேற ஒண்ணுன்னா அப்புறம் பார்த்து என்னம்மா பிரயோஜனம்? சரிபார்த்த குமிழிதான் உள்ளே போகணும்."

"தீப்பெட்டி வாங்கறப்ப எல்லாக் குச்சியையும் கடையிலயே கொளுத்திப் பார்ப்பீங்களா?"

"பார்க்காம எப்படிம்மா வாங்கறது?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

இரண்டாவது மாதமும் அதே கதைதான். நிறுவனத்தின் வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: குமிழி உடைப்பில் நூறு சதவீத வெற்றி. அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மாஸ்டரின் கட்டி மட்டும் பலகையைப் படிக்காமல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. இருந்தும் அவள் நன்றாக ஓட்டுவாள். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கும்மா."

"பயமா இருந்தா வாயால சொல்லுங்க. காலைப் போட்டு அமுக்காதீங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி குதிச்சுக் குதிச்சுத்தான் வருது." சொல்லிவிட்டு அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

மூன்றாவது ஊசிக்கு ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்திருந்தார்கள். பெரிய இடத்து மனிதர், நேரம் கிடையாது. வந்ததும் குமிழியைக் காட்டிவிட வேண்டும். அதனால் இயக்குநர், "அவர் லிஃப்டுல கால் வச்சதும் போன் வரும். உடனே கலக்கிடுங்க. உள்ளே நுழையறப்ப குமிழி சுடச்சுட இருக்கணும்" என்று குமிழி டாக்டருக்கு உத்தரவிட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். குழு முழுக்க அவர் பின்னால் ஓடியது.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் வயசானது. பாரம் அதிகமானால் மணி அடிக்கும். விருந்தினர் ஏறினார். இயக்குநர் ஏறினார். தலைவர் ஏறினார். மற்றவர்கள் அடுத்த முறை வரலாம் என்று லிஃப்ட்காரர் பணிவாகச் சொன்னார். யார் அந்த மற்றவர்கள் என்ற கேள்வி எழுந்தது. முன்னாள் தலைவர் ஒருவர், தான் எந்தக் காலத்திலும் இரண்டாம் முறை போனதில்லை என்றார். எல்லாரும் ஏறினார்கள். லிஃப்ட்காரர் மட்டும் இறங்கிக்கொண்டார். மணி கணகணவென்று அடித்தது. வரவேற்பு பிரமாதம் என்று விருந்தினர் பாராட்டினார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் போய் நின்றுவிட்டது.

மேலே மருந்து கலக்கித் தயாராக இருந்தது. அறையில் மாஸ்டர், மனைவி, குமிழி டாக்டர் மூன்றே பேர். டாக்டரின் போன் மறுபடி அடித்தது. லிஃப்ட் மாட்டிக்கொண்டது, ஆள் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றது போன். அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குமிழி செத்துக்கிட்டே இருக்கு சார். ஆனா குழு பார்க்காம ஏத்தினா என் வேலை போயிடும்."

எத்தனையோ முகங்களில் பார்த்த பயம்தான் அது. முதல் முறை மேட்டில் வண்டியை எடுக்கிறவர்களின் முகம். மாஸ்டருக்கு அந்த முகத்துக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும்.

"பிரேக்குலேர்ந்து காலை எடும்மா," என்றார். "வண்டி தானா போகும்."

அவள் எடுத்தாள். ஊசி ஏறியது. வயிற்றின் மேல் கருவியை வைத்ததும் திரையில் ஓரத்திலிருந்து வெள்ளை மினுமினுப்பு வழிந்து வந்தது. அவர் ஈரல் முழுக்க விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. டாக்டர் ஒலி அலையைக் கூட்டினாள். கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் கை தட்டவில்லை. மனைவி மட்டும் மூக்கைச் சிந்தினாள்.

கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்களுக்கு மேலேயே லிஃப்டில் இருந்ததால் அங்கேயே கூட்டம் நடந்திருக்கிறது. வியர்வை குறித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது. வெளியே வந்து, உடைத்துக் காட்டக் குமிழி இல்லை என்று தெரிந்ததும் இயக்குநர் முகம் கறுத்தது. விருந்தினருக்குப் போன மாதத்துப் பதிவைப் போட்டுக் காட்டி அனுப்பினார்கள்.

சில வாரங்கள் கழித்து ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. பெருத்த சுற்றும் போய், அதற்கு மேலும் போயிருந்தது. மாஸ்டரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதற்குள் விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது.

"உங்க கட்டி சுருங்கியிருக்கு. தெரியுமா?" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"இப்பத்தான் சொன்னாங்க சார். ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷப்படாதீங்க. அனுமதி இல்லாம சுருங்கியிருக்கு."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. "தப்புத்தான் சார்."

"வெளியில எதாவது சாப்பிட்டீங்களா? கட்டியைச் சுருக்கற மாதிரி?"

"வீட்டுச் சாப்பாடுதான் சார்."

"அதனால சுருங்க வாய்ப்பில்லை," என்றார் முன்னாள் தலைவர் ஒருவர். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

குழு கூடிப் பேசியது. சரிபார்க்காத குமிழியால் கட்டி சுருங்கியது என்று ஒப்புக்கொண்டால் சரிபார்த்த குமிழிகளைப் பற்றி ஊர் என்ன பேசும்? ஆகவே முதல் இரண்டு ஊசிகளே நின்று நிதானமாக வேலை செய்திருக்கின்றன என்று முடிவாயிற்று. மூன்றாவது ஊசி கெடுதல் செய்யாமல் விட்டது நோயாளியின் அதிர்ஷ்டம். இன்னொரு முறை இப்படி நடந்தால் குமிழி டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிரிவையே இழுத்து மூடுவது என்றும், அடுத்த ஊசிக்கு இரட்டைச் சரிபார்ப்பு என்றும் தீர்மானம் போட்டார்கள்.

நாலாவது ஊசி அப்படியே ஏறியது. எல்லாரும் இரண்டு முறை கண்டார்கள். கட்டி மறுபடி பெருக்கத் தொடங்கியது.

அந்தச் செய்தியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு தையல்கார அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஈரலில்தான். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கும் ஊசி. விரலில் நூல் சுற்றிய தழும்பு இருந்தது. வாசல் பலகையைப் படித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து வந்திருந்தாள்.

"அண்ணே, நூத்துக்கு நூறாமே? உங்களுக்கு எப்படி இருக்கு?"

மாஸ்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட வரவில்லை. மனைவிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் தனக்கும் சேர்த்து இவர் ஒரு வழி பண்ணுவாரு" என்றாள். மாஸ்டருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

வழி என்ன பெரிய வழி. அடுத்த மாதம் வேறொரு சிறப்பு விருந்தினர். எல்லாரும் வரவேற்க வாசலில் நின்றார்கள். மாஸ்டர், நோயாளி என்ற உரிமையில், கும்பிட்டபடி தலைவர் அருகே போனார்.

"ஐயா, ஒரு சந்தேகம். விருந்தினரோட முதல் தடவை யார் யார் போறாங்க, ரெண்டாம் தடவை யார் யார் போறாங்கன்னு ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?"

கேட்டது அவ்வளவுதான். கேட்டுவிட்டு மாஸ்டர் முதல் தடவையே தனியாக மேலே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மணி கணகணவென்று கேட்டது. பிறகு கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. குமிழி டாக்டர் மருந்தைக் கலக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் தையல்கார அக்காவுக்கு, அப்புறம் மாஸ்டருக்கு. இரண்டு ஈரல்களிலும் விளக்கு எரிந்து, அணைய வேண்டிய இடத்தில் அணைந்தது.

"உங்க வேலை?" என்றார் மாஸ்டர், எழுந்து உட்கார்ந்து.

"போனாப் போகட்டும் சார்."

போகவில்லை. லிஃப்டுக்குள் தலைவர் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் சரிபார்க்காத குமிழி போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் அவமானம் குழுவுக்கு. ஆகவே இருட்டில், நெரிசலில், ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருந்தபடியே, "நாம இந்தக் கட்டடத்துக்குள்ளதானே இருக்கோம்? குமிழியும் இந்தக் கட்டடத்துக்குள்ளதானே உடையுது?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மூப்பு வரிசையில் எல்லாரும் கண்டார்கள். சிறப்பு விருந்தினரும் ஆசைப்பட்டு ஒருமுறை கண்டார்.

அப்புறம் இரண்டு மாதம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. விருந்தினர் வருவார், லிஃப்ட் நிற்கும், ஊசி ஏறும். மாஸ்டரின் கட்டி எலுமிச்சையிலிருந்து சுண்டைக்காய் ஆயிற்று. தையல்கார அக்கா மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்கு இன்னும் சில ஊசிகள் பாக்கி. மாஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ. பெஞ்சில் அவர்களுக்குப் பின்னால் இப்போது வரிசை நீண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றியைச் சும்மா விடுவார்களா? விழா எடுத்தார்கள். மாஸ்டர் மேடையேறி நன்றி சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. இயக்குநர் நிறைவுரையாற்றினார்.

"இந்த வெற்றிக்காகக் குழு பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. காற்றில்லாத கூண்டில் அடைபட்டு, நின்ற நிலையில் கடமையாற்றினார்கள். நோயாளிகள் வசதியாகப் படுத்திருந்தார்கள், அது வேறு விஷயம். இந்த அநீதியைத் துடைக்க, நோயாளிகளுக்கான படுக்கைகளுக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துப் புதிய லிஃப்ட் ஒன்றை நிறுவியிருக்கிறோம். குழு முழுவதும், விருந்தினரும், விருந்தினரோடு வருபவர்களும் ஒரே தடவையில் ஏறலாம். எந்தப் பாரத்துக்கும் நிற்காது. இனிமேல் எந்த நோயாளிக்கும் குழு தாமதமாக வராது என்று உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அன்றைக்கே ஊசி நாள். மேலே கட்டிலில் தையல்கார அக்கா படுத்திருந்தாள். பக்கத்தில் மாஸ்டர் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன் வந்தது. குமிழி டாக்டர் மருந்தைக் கலக்கி ஊசியில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தையல்கார அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டபடி காது கொடுத்துக் கேட்டாள். "அண்ணே, என்ன இன்னும் மணி அடிக்கல?"

மாஸ்டரின் கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. வெளியே லிஃப்ட் சத்தமில்லாமல் வந்து நின்றது. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. குழு முழுவதும் வியர்வை இல்லாமல், கலையாத தலையோடு உள்ளே வந்து மூப்பு வரிசையில் அமர்ந்தது.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எங்கேம்மா," என்றார் குமிழி டாக்டரைப் பார்த்து, "அந்தத் தொட்டியை எடுங்க."